எப்படி இயங்குகிறது? ஹெரால்டின் ‘டொக்’ எங்கிருந்து வருகிறது?

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 12 கிலோமீட்டர். சமதரையில் வண்டி சத்தமே போடவில்லை. வேகத்தடையில் இறங்கும்போது மட்டும் எங்கோ ‘டொக்’. ஆண்டாள் கோயில் ரத வீதியில் திருப்பும்போது ‘கிறீச்’. “ஷாக் போயிருச்சுண்ணே, மாத்திருவோம்” என்கிறார் மெக்கானிக். மாற்றியாயிற்று. திரும்பி வரும்போது அதே வேகத்தடை, அதே ‘டொக்’.

ஹெரால்டை 1961 முதல் 1971 வரை சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. மூலம், இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்ட். அதே அடிச்சட்ட வழியில், அதே முன்பக்க சஸ்பென்ஷனோடு 1962இல் வந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டின் உடலையும் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அக்காவுக்கு வரும் மூட்டுவலி தங்கைக்கும் வரும்; வைத்தியமும் ஒன்றுதான்.

வீட்டில் மிக்ஸி ஓடும்போது அலமாரியில் ஏதோ ஒன்று கிணுகிணுக்கும். டம்ளரா, தட்டா, டப்பா மூடியா? காதை நம்பினால் ஏமாந்துபோவோம்; சத்தம் பலகை வழியாக ஓடி வேறொரு மூலையில் கேட்கும். அம்மா என்ன செய்வார்? ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் கையை வைப்பார். எதைத் தொட்டதும் சத்தம் அடங்குகிறதோ, அதுதான். காரிலும் இரும்புச் சட்டம் சத்தத்தைக் கடத்தும். ஆகவே தேடவேண்டிய முறையும் இதுவே: ஒவ்வொன்றாக அடக்கிப் பார்ப்பது.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பேனர் பை, ஸ்டெப்னி எல்லாம் வெளியே. அடுத்து பானட். ஹெரால்டில் முன்முகம் மொத்தமும் பானட்டோடு முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். அது உட்காரும் ரப்பர் குமிழ்கள் தேய்ந்திருந்தால், சஸ்பென்ஷன் அடிப்பதுபோலவே அடிக்கும். அவற்றுக்கு ஒரு துண்டு ரப்பரை அண்டக் கொடுத்து அதே வேகத்தடைக்குப் போய்ப் பாருங்கள்.

அதன் பிறகும் ‘டொக்’ இருந்தால்தான் சக்கரத்தின் பக்கம் போகவேண்டும்.

ஷாக் என்பது முறுக்கு உரல். உள்ளே எண்ணெய், அதை அழுத்தும் தட்டு, தட்டில் சிறு துளைகள். மெதுவாக அழுத்தினால் மாவு சுலபமாக இறங்கும்; வேகமாக அழுத்தினால் கை வலிக்கும். அந்த எதிர்ப்புதான் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். எழுந்ததும் நிற்கவேண்டும், இரண்டு மூன்று முறை ஆடினால் உரலில் மாவு இல்லை என்று பொருள். ஆனால் எண்ணெய் போன ஷாக் பெரும்பாலும் வண்டியை ஆட்டுமே தவிர ‘டொக்’ அடிக்காது. அடிப்பது அதன் மேல், கீழ் முனைகளில் உள்ள ரப்பர்.

ரப்பர் புஷ்களைக் குக்கர் கேஸ்கட்டாக நினையுங்கள். காய்ந்து விறைத்தால் வேலை போச்சு. ‘கிறீச்’ சத்தம் புஷ்ஷிலிருந்துதானா என்று அறிய, ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்து, ஒருவர் வண்டியை ஆட்ட இன்னொருவர் கேட்கவேண்டும். எதை நனைத்ததும் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கிறதோ, அதை மாற்றலாம். மாற்றும்போது பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். வண்டி தரைக்கு வந்ததும், இறுகிய ரப்பர் துணி பிழிந்ததுபோல முறுக்கிக்கொள்கிறது. புதுப் புஷ் சீக்கிரமே கிழிகிறது. போல்ட்டைக் கையளவில் மாட்டி, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் ஏறிய பிறகே கடைசி முறுக்கு.

பின்பக்கம் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங், அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் மாதிரி. பட்டைகளுக்கு இடையே துருவும் மண்ணும் சேர்ந்தால் கத்தும். கழுவிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் அடங்கும்.

இனி, அலட்சியமே கூடாத இடம். முன்சக்கரத்தைத் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்கவேண்டாம்), சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ப்ளே தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ப்ளே மறைந்தால் அது வீல் பேரிங். மறையாவிட்டால் மேலே பால் ஜாயின்ட், அல்லது கீழே டிரனியன்.

டிரனியன் என்பது திருகு மூடிக் கூஜா. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கிறது. அது பித்தளை வகைக் கூடு ஒன்றுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மூடியைத் திறந்து மூடுவதுபோல அந்த மரையில்தான் தண்டு சுழல்கிறது. ஹெரால்ட் 25 அடி விட்டத்துக்குள் முழுவட்டம் அடிக்கும் வண்டி; சக்கரம் அவ்வளவு வளையும்போது பாடுபடுவது இந்த மரைதான்.

இதற்குக் கிரீஸ் ஆகாது, கியர் ஆயில்தான் வேண்டும். கூஜா மரையில் பால்கோவாவை அப்பினால் அப்பிய இடத்திலேயே நிற்கும். பாலை ஊற்றினால் மரை முழுக்க இறங்கும். கிரீஸ் அடித்தால் அடிப்பகுதி வறண்டு, தண்ணீர் புகுந்து, எஃகு துருப்பிடிக்கும். ஒருநாள் தண்டு மரையிலேயே முறிந்து சக்கரம் மடங்கி விழும். அதற்கு முன் ‘டொக்’ என்று எச்சரித்தால் நம் அதிர்ஷ்டம், எச்சரிக்காமலும் முறியும்.

ஹெரால்டோ ஸ்பிட்ஃபயரோ வைத்திருப்பவர்கள், சத்தம் வந்தாலும் வராவிட்டாலும், இந்த வாரமே இரண்டு டிரனியன்களிலும் இபி 90 கியர் ஆயிலை அடியுங்கள். மேல்பக்கம் புது எண்ணெய் கசிந்து தெரியும்வரை நிறுத்தாதீர்கள்.