பெட்டியின் கணக்கு



உவமை செய்யுளுக்கு அணி என்பதை நாம் அறிவோம். ஒரு மரப்பெட்டியின் அளவைக் கணித்துத் தரவும் அது வல்லது என்பதையே இன்று கூற விழைகின்றேன்.

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கி அசையும்போது முன்புறக் காற்று நெருங்குகின்றது. பின்புறக் காற்று ஐதாகின்றது. பெட்டியின்றி விட்டால், தாழ்ந்த ஒலிகளில் இவ்விரண்டும் விளிம்பைச் சுற்றிக் கலந்து ஒன்றையொன்று அழிக்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி நலிந்துவிடும். இதனைத் தடுப்பதற்கே பெட்டி வேண்டப்படுகின்றது.

ஆயின், பெட்டி மிகச் சிறிதானால் உள்ளிருக்கும் காற்று விறைத்த வில்லைப் போலாகி, ஒரு மீடிறனில் மட்டும் ஒலி மிகையாக முழங்கும். பெட்டியில் துளையிட்டுப் பின்புற ஒலியையும் பயன்படுத்தலாம். இம்முறைக்கு அமெரிக்கரான அல்பேட் துராஸ் 1932இல் காப்புரிமை பெற்றார். எனினும் துளையின் அளவு தவறினால் குடத்துள் பேசுவது போலிருக்கும். நெடுங்காலம் இவ்வளவுகள் பெரும்பாலும் செய்து பார்த்தும் கேட்டுப் பார்த்துமே தீர்மானிக்கப்பட்டன.

இந்நிலையை மாற்றியது ஓர் ஒப்புமை. கூம்பின் திணிவு மின்சுற்றிலுள்ள தூண்டியை ஒக்கும். கூம்பைத் தாங்கும் விளிம்பின் நெகிழ்வும் பெட்டிக் காற்றின் நெகிழ்வும் கொள்ளளவியை ஒக்கும். உராய்வு தடையை ஒக்கும். அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல், 1961இல் வெளியிட்ட கட்டுரையில், துளையிட்ட பெட்டி முழுவதையும் ஒரு மின்வடியாகவே கொண்டார். அஃதாவது, தாழ்ந்த மீடிறன்களைத் தடுத்து உயர்ந்தவற்றைச் செல்லவிடும் சுற்றாகக் கொண்டார். மின்வடிகளின் கணக்கைப் பிரித்தானியரான ஸ்டீபன் பட்டர்வேர்த் முதலியோர் முன்னரே வகுத்திருந்தனர். அக்கணக்கைக் கொண்டு தீல் 28 அமைப்புகளை அட்டவணைப்படுத்தினார். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சட் ஸ்மோல் 1970களின் தொடக்கத்தில் இம்முறையை மேலும் விரித்தார்.

இதனால் விளைந்த பயன் யாது? கூம்பின் இயற்கை மீடிறன், அதன் அதிர்வு அடங்கும் தன்மையைக் காட்டும் தரக்காரணி, அதன் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் கனவளவு ஆகிய மூன்றையும் அளந்தால், மரத்தை அறுக்குமுன்னரே பெட்டியின் அளவு தெரிந்துவிடும். மூடிய பெட்டியில் மொத்தத் தரக்காரணி ஏறத்தாழ 0.7 ஆயின் ஒலி சமனாக அமையும். 1ஐக் கடந்தால் முழக்கம் தோன்றும். ஆழ்ந்த ஒலி, சிறிய பெட்டி, குறைந்த மின்வலுவில் உரத்த ஒலி ஆகிய மூன்றும் ஒருங்கே கிட்டா என்பதும் இக்கணக்கே உணர்த்தும் உண்மை. எனவே, சிறு பெட்டியில் பேரொலி உண்டென்று விற்போர் உரைத்தால், இம்மூன்றில் எது விட்டுக்கொடுக்கப்பட்டது என்று வினவுதல் நன்று.

ஆயினும் உவமைக்கு எல்லை உண்டு. கூம்பு சிறிதே அசையும்வரைதான் இக்கணக்குப் பொருந்தும். ஒலியை அளவுக்கு மீறி உயர்த்தினால் நெகிழ்வு மாறும், ஒலி சிதையும். கணித்த பின்னரும் காதால் கேட்டுத் தெளிதலே முறை.