தந்தை சுமக்கும் கருவறை: நீலக்கோட்டுக் குழல்மீன்

விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலைக்கு அழைத்துச் செல்லும் நாம், கடற்குதிரைத் தொட்டியின் முன் நெடுநேரம் நிற்கிறோம். கடற்குதிரையின் நெருங்கிய உறவினமான குழல்மீன் அயலிலேயே இருந்தாலும் எமது கண்ணில் படுவதில்லை. முருகைக்கற் பாறைகளில் வாழும் நீலக்கோட்டுக் குழல்மீன் அத்தகையதொரு சிற்றுயிர்.

இதன் நீளம் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர். எமது நடுவிரல் அளவே. செம்மஞ்சள் நிற உடலில், மூக்கு நுனியிலிருந்து வாலை நோக்கி ஒரு நீலக்கோடு ஓடுகிறது. வாற்செட்டை சிறு விசிறிபோல் விரிந்திருக்கும். செதில்களுக்குப் பதிலாக எலும்பு வளையங்கள் உடலைக் கவசமாகச் சூழ்ந்துள்ளன. 1856ஆம் ஆண்டில் ஜேர்மனிய இயற்கை அறிஞர் கௌப் இதற்கு டொறிறம்பஸ் எக்ஸிஸஸ் எனப் பெயரிட்டார். இப்பெயரின் முதற்பகுதி ஈட்டி போன்ற அலகைக் குறிப்பது.

அந்த அலகு பல்லற்ற ஒரு குழல். நுண்ணிய இறால் இனங்கள் அருகே வந்ததும், கண்ணிமைக்கும் நேரத்தில் அவற்றை நீருடன் உறிஞ்சிக்கொள்கிறது. குழல்மீன்களுக்கு இரைப்பை கிடையாது. ஆதலால் அடிக்கடி இரை தேட வேண்டியுள்ளது. பெரிய மீன்களின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளையும் இது கொத்தித் தின்பதுண்டு.

இதன் இனப்பெருக்கமே மிக வியப்புக்குரியது. பெண்மீன் தன் முட்டைகளை ஆண்மீனிடம் ஒப்படைக்கிறது. கடற்குதிரையின் பை வாலடியில் அமைந்திருக்க, இம்மீனோ தன் வயிற்றின் அடியில் முட்டைகளைச் சுமக்கிறது. குஞ்சுகள் வெளிவரும் வரை அவற்றைக் காக்கும் பொறுப்புத் தந்தையுடையதே. வெளிவந்த பின்னர் குஞ்சுகள் தம் வழியைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும்.

செங்கடல், கிழக்காபிரிக்கக் கரை முதல் மத்திய அமெரிக்காவின் மேற்குக் கரை வரை இம்மீன் பரந்து காணப்படுகிறது. ஆயினும் இதன் அன்றாட உலகம் மிகச் சிறியது. பாறை இடுக்குகளிலும், குகை விளிம்புகளிலும், நீண்ட முள்ளுடைய கடல் முள்ளெலிகளின் நடுவிலும் பெரும்பாலும் சோடியாக வாழ்கிறது. அந்த இடுக்கே அதன் வீடு, அதுவே அரணும்.

இன்று ஆபத்து அந்த வீட்டுக்கே நேர்ந்துள்ளது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது, முருகைகள் தமக்கு உணவூட்டும் நுண்பாசிகளை இழந்து வெளிறுகின்றன. வெப்பம் நீடித்தால் மடிகின்றன. எஞ்சும் கற்கூடு காலப்போக்கில் சிதைந்து, இடுக்குகளும் அழிந்துபோகின்றன. உலகளாவிய வெளிறல் 1998, 2010, 2014 - 2017 ஆகிய காலங்களில் நிகழ்ந்தது. நான்காவது வெளிறல் 2023இல் தொடங்கியதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. பெரிய மீன்கள் நெடுந்தூரம் நீந்தி வேறிடம் நாடலாம். விரலளவு மீனுக்கு, அடுத்த பாறையே கடக்கவியலாத தூரமாகலாம்.

கடற்குதிரைகள் அனைத்தும் 2004இல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. குழல்மீன்கள் அன்று அப்பட்டியலில் இடம்பெறவில்லை. புகழ்பெற்றவற்றுக்குக் கிடைக்கும் கவனம் அயலில் உள்ள எளியவற்றுக்குக் கிடைப்பதில்லை என்பதை நாமும் அறிவோம். அடுத்த முறை கடற்குதிரையைக் கண்டு களித்தபின், பாறை நிழலையும் ஒருகணம் உற்றுப் பார்க்குமாறு எமது பிள்ளைகளுக்குச் சொல்வோம். அங்கே ஒரு தந்தை தன் குஞ்சுகளைச் சுமந்து நிற்கக்கூடும்.