மாலைதீவுப் பயணப்பையில் எதை வைப்பது, எதை விடுவது?

கொழும்பிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணித்தியால விமானப் பயணத் தூரத்தில் அமைந்துள்ள மாலைதீவு, எமது நாட்டு மக்களுக்குப் புதியதொரு தேசமல்ல. எமது சமையலறைகளில் மணக்கும் மாசிக் கருவாடு அங்கிருந்து வந்ததே. அங்குள்ள உல்லாச விடுதிகளில் இலங்கையர் பலர் தொழில் புரிந்து வருகின்றனர். 1972ஆம் ஆண்டில் தலைநகர் மாலேக்கு அருகிலுள்ள குரும்பா தீவில் முதலாவது விடுதி திறக்கப்பட்டது முதல் அந்நாடு உல்லாசப் பயணத்துறையிலேயே பெரிதும் தங்கியுள்ளது. 2009ஆம் ஆண்டின் பின்னர் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களை நடத்த அனுமதி வழங்கப்பட்டமையால், நடுத்தர வருமானமுடைய குடும்பங்களுக்கும் அங்கு செல்லும் வாய்ப்புக் கிட்டியுள்ளது.

மாலைதீவுக்கான 30 நாள் நுழைவு அனுமதி விமான நிலையத்திலேயே கட்டணமின்றி வழங்கப்படுகின்றது. தங்குமிடம் முன்பதிவு செய்யப்பட்டமைக்கான சான்றும், புறப்படுவதற்கு முந்திய 96 மணித்தியாலங்களுக்குள் இணையத்தில் பூர்த்தி செய்யப்பட வேண்டிய பயணிப் படிவமும் அவசியமாகும். இவற்றில் கவனம் செலுத்துவோர் பலர், பயணப்பைக்குள் என்ன இருக்கின்றது என்பதில் அத்தகைய கவனத்தைச் செலுத்துவதில்லை. சுங்கப் பரிசோதனையில் சிக்கலை உண்டாக்குவது பெரும்பாலும் அந்தப் பையே. எனவே, கொண்டு செல்லக் கூடாதவற்றை முதலில் அறிந்து கொள்வது பொருத்தமானது.

இஸ்லாத்தை அரச மதமாகக் கொண்ட மாலைதீவில் மதுபானங்களையும் பன்றியிறைச்சியையும் அது சேர்ந்த உணவுப் பொருட்களையும் பயணிகள் எடுத்துச் செல்வது தடை செய்யப்பட்டுள்ளது. உல்லாச விடுதிகளில் மதுபானம் விற்கப்படுகின்றதே என்று சிலர் வாதிடக்கூடும். அது விடுதிகளுக்கு வழங்கப்பட்ட விசேட அனுமதியின் பேரிலானது. பயணியின் பைக்கு அந்த அனுமதி பொருந்தாது. கட்டுநாயக்க விமான நிலையத்தின் தீர்வையற்ற கடையில் வாங்கிய போத்தலாயினும் நிலைமை அதுவே.

வழிபாட்டுக்குரிய விக்கிரகங்களும் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் அடங்கும். பயணத்தின்போது சிறிய சுவாமி விக்கிரகமொன்றையோ திருச்சொரூபத்தையோ உடன் கொண்டு செல்லும் வழக்கம் இந்து, கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. இப்பயணத்தில் அவற்றை வீட்டிலேயே பக்தியுடன் விட்டுச் செல்வது உசிதமானது. போற்றும் பொருளொன்று சுங்க அதிகாரியின் மேசையில் கிடக்கும் நிலையை அது தவிர்க்கும்.

புகைத்தல் தொடர்பான சட்டங்களும் அண்மைக் காலத்தில் கடுமையாக்கப்பட்டுள்ளன. இலத்திரனியல் சிகரட்டுகளின் இறக்குமதி 2024 நவம்பர் 15ஆம் திகதி முதலும், அவற்றை வைத்திருப்பதும் பாவிப்பதும் அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி முதலும் தடை செய்யப்பட்டன. 2007 ஜனவரி முதலாம் திகதியும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்கள் புகையிலைப் பொருட்களை வாங்குவதையோ பாவிப்பதையோ தடுக்கும் சட்டம் 2025 நவம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுப் பயணிகளும் இதற்கு விதிவிலக்கல்லர். வளர்ந்த பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதனை முன்கூட்டியே அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் பாரதூரமானது பிறர் தரும் பொதியாகும். அங்கு தொழில் புரியும் உறவினரிடம் சேர்த்து விடுமாறு அயலவர் ஒருவர் பொதியொன்றைத் தந்தால், முகத்துக்கு அஞ்சி மறுக்காமல் வாங்கிக்கொள்வது எம்மவரின் இயல்பு. உள்ளே இருப்பது மிளகாய்த்தூளா, வேறேதுமா என்பதற்குச் சட்டத்தின் முன் பொறுப்புக் கூற வேண்டியவர் அதனைச் சுமந்து சென்றவரே. போதைப்பொருள் குற்றங்களுக்கு அங்கு கடுமையான சிறைத்தண்டனை விதிக்கப்படுகின்றது. திறந்து பார்க்க இயலாத பொதியை ஏற்காதிருப்பது உறவுக்கு இழைக்கும் அநீதியாகாது. நித்திரை மாத்திரைகள், கடுமையான வலி நிவாரணிகள் போன்றவற்றையும் வைத்தியரின் மருந்துச் சிட்டையுடன் அவற்றின் சொந்த உறைகளிலேயே எடுத்துச் செல்ல வேண்டும்.

இனி, கொண்டு செல்ல வேண்டியவற்றை நோக்குவோம். தூரத்துத் தீவுகளுக்குச் செல்லும் சிறிய கடல் விமானங்களில் பொதுவாக 20 கிலோகிராம் பொதியும் 5 கிலோகிராம் கைப்பையுமே அனுமதிக்கப்படுகின்றன. மேலதிக நிறைக்குக் கட்டணம் உண்டு. அவ்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மாத்திரமே பறப்பதால், மாலையில் வந்திறங்குவோர் மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ ஓரிரவு தங்க நேரிடலாம். ஆகவே அவ்விரவுக்குரிய உடைகளையும் மருந்துகளையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது நன்று. விசைப்படகில் செல்வோர் கடல்நீர் தெறிப்பதைக் கருத்திற் கொண்டு, கடவுச்சீட்டையும் தொலைபேசியையும் நீர்புகா உறையில் இடவேண்டும். மின்கலச் சேமிப்பான்களை விமானத்தின் பொதிப் பகுதியில் இடலாகாது. அவை கைப்பையிலேயே இருக்க வேண்டும்.

உடைகளைப் பொறுத்தவரை மெல்லிய பருத்தியே சிறந்தது. தனியார் உல்லாசத் தீவுகளில் உடைக் கட்டுப்பாடு குறைவு. ஆனால் மக்கள் வாழும் தீவுகளில் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை எதிர்பார்க்கப்படுகின்றது. நீச்சலுடைக்கென அங்கு தனியான கடற்கரைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. எமது பெண்கள் விரும்பி அணியும் முழுநீள நீச்சலுடை எங்கும் பொருந்தும் என்பதுடன், பூமத்திய ரேகையை அண்டிய கடும் வெயிலிலிருந்தும் உடலைக் காக்கும். ஒரு சாரம், அகலமான தொப்பி, பவளப்பாறைக் கீறல்களைத் தவிர்க்கும் இறப்பர்ப் பாதணி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மே முதல் ஒக்டோபர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலமாயின் மழையங்கியும் தேவை.

மாலைதீவு மலேரியா அற்ற நாடென 2015ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தினால் அங்கீகரிக்கப்பட்டது. எனினும் டெங்கு அங்கும் உண்டு. நுளம்புத் தடுப்புக் களிம்பை மறக்கலாகாது. சிறிய தீவுகளில் சிறு சுகாதார நிலையங்களே உள்ளன. பெரிய வைத்தியசாலைக்குச் செல்வதெனில் கடல் கடக்க வேண்டும். ஆகவே நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான மருந்துகளைத் தங்கும் நாட்களுக்கும் சற்று அதிகமாகவே எடுத்துச் செல்வதுடன், இரண்டொரு ஜீவனி பொதிகளையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, விடுதிக் கட்டணங்கள் பெரும்பாலும் அமெரிக்க டொலரிலேயே அறவிடப்படுகின்றன. 2025 ஜனவரி முதல் பசுமை வரி, உல்லாச விடுதிகளில் ஒருவருக்கு இரவொன்றுக்கு 12 டொலராகவும் 50 அறைகளுக்குக் குறைந்த விருந்தினர் இல்லங்களில் 6 டொலராகவும் உயர்த்தப்பட்டது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று.

அந்த வரிக்கான காரணத்தையும் சிந்திப்பது தகும். கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரமே கொண்ட இத்தீவுகளில் ஆறுகளோ அருவிகளோ இல்லை. 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஏற்பட்ட தீயினால் தலைநகரே குடிநீரின்றித் தவித்தது. அயல்நாடுகள் தண்ணீர் அனுப்ப நேர்ந்தது. குப்பைகளைப் புதைக்கவும் அங்கு நிலமில்லை. 1990களின் ஆரம்பத்திலிருந்து குப்பை கொட்டி நிரப்பப்பட்ட திலாபுஷி தீவு அதற்குச் சாட்சி. 1998லும் 2016லும் கடல் வெப்பமடைந்தபோது பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறிப் போயின.

எனவே ஒவ்வொரு பயணியும் மீள நிரப்பக்கூடிய தண்ணீர்ப் போத்தலொன்றைக் கொண்டு செல்வதும், பொலித்தீன் உறைகளைத் தவிர்ப்பதும், பழைய மின்கலங்களையும் வெற்றுக் கலன்களையும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வருவதும் கடமையாகும். வெயிற் களிம்பைக் குறைத்து, நீண்ட கைச் சட்டையை அணிந்து நீந்துவது கடலுக்கும் நல்லது. திரும்பி வரும்போது பவளத் துண்டுகளையும் ஆமையோட்டுப் பொருட்களையும் ஞாபகார்த்தமாக எடுத்து வருதல் சட்டவிரோதமானது. மாசிக் கருவாட்டை வாங்கி வரலாம். அது எமது வீடுகளில் என்றும் வரவேற்கப்படும்.