எஞ்சினே, நாக்கை நீட்டு!

தை மாதம். தஞ்சைப் பகுதியில் சம்பா அறுவடை நேரம். இரண்டு மூட்டை நெல்லைச் சுமந்து வந்த பழைய டி.வி.எஸ். 50 மொபெட் ஒன்று, திருவையாற்றுச் சாலையில் திணறி நின்றுவிடுகிறது. மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம்.

பட்டறைக்காரர் என்ன செய்கிறார், கவனித்திருக்கிறீர்களா? முதலில் பிளக்கைக் கழற்றி, முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். "கரி பிடிச்சிருக்கு தம்பி, ஏர் ஃபில்டரைக் கழற்றுங்க" என்கிறார். வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போலத்தான். இதில் மாயம் எதுவுமில்லை, எல்லாம் வேதியியலே.

பிளக்கின் முனை எஞ்சினின் எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவே ஒரு மின்முனை. அதைச் சுற்றி அலுமினாவால் ஆன வெள்ளைப் பீங்கான். எதிரே வளைந்த இன்னொரு மின்முனை. இடைவெளி அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் அங்கே பொறி பறக்கிறது.

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் முழுவதும் எரியாமல் கரியாகப் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? இடைவெளியைத் தாண்ட வேண்டிய மின்சாரம், பீங்கான்மேல் படிந்த கரி வழியே நழுவிவிடுகிறது. பொறி இல்லை, வண்டி நிற்கிறது.

நெற்களத்துத் தூசியும் வைக்கோல் துகளும் ஏர் ஃபில்டரை அடைத்துவிட்டால் இதுதான் கதி. அதை விட்டுவிட்டுக் கார்புரேட்டர் திருகாணியைத் திருகுவது, வயிற்றுவலிக்காரனுக்குத் தலையில் தைலம் தேய்ப்பதற்குச் சமம்! கறுப்பு உலர்ந்திராமல் ஈரப் பிசுக்காக இருந்தால் குற்றவாளி வேறு: டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலுடன் கலக்கும் ஆயில் மிகுந்துவிட்டது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சிறு பம்புசெட்டிலும் பிளக் கறுக்கும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எஞ்சின் சூடேறுமுன் மாற்றினால் அரைகுறையாகவே எரியும்.

அப்படியானால் வெள்ளை வெளேரென்ற பிளக் நல்லதுதானே? இல்லை! கறுப்பு வண்டியை நிறுத்தும். வெள்ளை எஞ்சினையே கெடுக்கும். ஜெட்டில் தூசி அடைத்துப் பெட்ரோல் குறைந்தால், ஆவியாகிக் குளிர்விக்கும் பெட்ரோலும் குறைகிறது, சூடு ஏறுகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. ஆகவே உயவும் குறைந்து, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளலாம்.

நடுப்பதம் எது? இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம். பதமாக வெந்த தோசையை நினைத்துக்கொள்ளுங்கள். பீங்கான் முனை சுமார் 500 டிகிரி செல்சியசைத் தாண்டினால் படியும் கரி தானே எரிந்துவிடும். 900 டிகிரியை நெருங்கினால் முனையே தணலாகி, பொறி வருமுன் கலவையைப் பற்றவைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. வண்டியை நிறுத்தி வைத்து வெறுமனே உறுமவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் கறுப்பாகத் தோன்றலாம், அது பொய்ச்சாட்சி. பாரத்துடன் ஓட்டி, உடனே எஞ்சினை அணைத்து, ஆறியபின் பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதிலிருந்து பிளக்குகள் சற்று வெளுத்தே தெரிகின்றன. அந்தக் காலத்து நிறத்தை இன்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம்.

டிராக்டரிலும் டீசல் பம்பிலும் இந்தப் பிளக்கே கிடையாது. அங்கே அழுத்தத்தால் சூடேறிய காற்றே டீசலைப் பற்றவைக்கிறது. 2020-இல் வந்த பி.எஸ். 6 விதிக்கு ஏற்ற பெட்ரோல் வண்டிகளிலோ, புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி ஓடும்போதே கலவையைச் சோதித்துச் சொல்கிறது.

பட்டறையில் எறிந்த பிளக்குகள் இரண்டு கேட்டு வாங்குங்கள்: ஒன்று கரி பிடித்தது, ஒன்று சுத்தமானது. பள்ளி ஆய்வகத்து மல்டிமீட்டரால் மேல்முனைக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். சுத்தமானதில் முள் அசையாது. மற்றதில்?