வெடித்த பாதமும் இலுப்பெண்ணெயும்

ஆடிக்காற்றில் குதிகால் வெடித்து வருவோர் பலர், கடையில் வாங்கிய ஷியா வெண்ணெய் மணல்போல் நெருநெருப்பதாகக் கூறுகின்றனர். அது கெட்டதன் அடையாளமன்று. உருகிய கொழுப்பு மெல்ல ஆறும்போது அதன் கெட்டியான பகுதி மணிமணியாகத் திரள்கிறது; அவ்வளவே. வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் முழுதும் உருக்கி, நான்கில் ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் சேர்த்து, கிண்ணத்தைப் பனிக்கட்டி நீரில் இருத்தி விடாது கடைந்தால் மென்மையாகும். நீர்த்துளி கலக்கலாகாது.

ஷியா மேற்கு ஆப்பிரிக்க மரம். நம் இலுப்பையும் அதே தாவரக் குடும்பத்தது. கோயில் விளக்கெரித்த இலுப்பெண்ணெய் குற்றாலச் சாரலின் குளிரில் தானே உறைவதை மூத்தோர் அறிவர். தொலைவிலிருந்து வருவதே உயர்ந்தது என்பதில்லை.

குளித்தபின், தோலின் ஈரம் முற்றும் உலருமுன் தடவுக. (தடவிக்கொண்டு அருவிக்குச் செல்ல வேண்டா, அங்கு எண்ணெய்க்குத் தடை உண்டு.) விரலிடுக்கில் தடவலாகாது, ஈரம் தங்கிப் பூஞ்சை பற்றும்.

நீரிழிவு உடையோர் நாள்தோறும் பாதத்தை நோக்குதல் வேண்டும். வெடிப்பில் குருதியோ சீழோ கருமையோ கண்டால் எதனையும் தடவாது அன்றே மருத்துவரிடம் வாருங்கள். வலியில்லை என்று காத்திருக்க வேண்டா. நரம்பு உணர்விழந்திருப்பின் ஆழ்ந்த புண்ணும் வலிக்காது.