தட்கல் முன்பதிவுக்கு ஆதார் கட்டாயம்: பயணிகள் அறிய வேண்டியவை

புது தில்லி: உறவினரின் உடல்நலக் குறைவு, எதிர்பாராத நேர்முகத் தேர்வு என அவசரமாக ரயிலில் புறப்படுவோர் பெரிதும் நம்பியிருப்பது தட்கல் முன்பதிவையே. எனினும், முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் டிக்கெட்டுகள் தீர்ந்துவிடுவது பயணிகளின் நெடுநாளைய குறை.

விதி மாறியது ஏன்?

தட்கல் தொடங்கும் முதல் 5 நிமிடங்களில், இணையதளத்துக்குள் நுழையும் முயற்சிகளில் 50 சதவீதம் வரை தானியங்கி மென்பொருள்களால் நிகழ்வதாக ரயில்வே 2025-இல் தெரிவித்தது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடிக்கும் மேற்பட்ட பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன.

இதையடுத்து, 2025 ஜூலை 1 முதல் ஆதார் மூலம் சரிபார்க்கப்பட்ட கணக்குகளில் மட்டுமே ஐஆர்சிடிசி இணையதளத்திலும் செயலியிலும் தட்கல் டிக்கெட் பெற முடியும். ஜூலை 15 முதல் ஆதார் அடிப்படையிலான ஒருமுறை கடவுச்சொல்லும் (ஓடிபி) கட்டாயமானது.

முகவர்களுக்குத் தடை எப்போது?

ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஏசி அல்லாத வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தட்கல் தொடங்குகிறது. இரண்டிலும் முதல் 30 நிமிடங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் முன்பதிவு செய்ய இயலாது.

கவனிக்க வேண்டியவை

ரயில் அதன் தொடக்க நிலையத்திலிருந்து புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே தட்கல் தொடங்கும். பயணி ஏறும் நாள் கணக்கில் கொள்ளப்படாது. உதாரணமாக, இரவில் புது தில்லியில் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மறுநாள்தான் நாக்பூரை அடைகிறது. அங்கு ஏறுவோர், தாம் பயணிக்கும் நாளுக்கு இரு நாள்கள் முன்னதாகவே முன்பதிவு செய்ய வேண்டும்.

உறுதி செய்யப்பட்ட தட்கல் டிக்கெட்டைப் பயணி தாமாக ரத்து செய்தால் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண் பயன்பாட்டில் இல்லையெனில் கடவுச்சொல் வந்து சேராது. எனவே எண்ணைப் புதுப்பிப்பதையும் கணக்கைச் சரிபார்ப்பதையும் அவசரம் நேரும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

தீர்வு முழுமையானதா?

யார் முன்பதிவு செய்கிறார் என்பதையே புதிய முறை உறுதிப்படுத்துகிறது. படுக்கைகளின் எண்ணிக்கையை அது உயர்த்தவில்லை. கூட்டம் மிகுந்த தடங்களில் உண்மையான பயணிகளுக்கு இடையிலான போட்டி தொடரவே செய்யும். சொந்தக் கைப்பேசி இல்லாத முதியோரும் தொழிலாளர்களும் கடவுச்சொல்லுக்குப் பிறரைச் சார்ந்திருக்க வேண்டிய நிலையும் உள்ளது. முறைகேட்டைத் தடுக்கும் கதவு இவர்களுக்கும் அடைபடாமல் காப்பதே அடுத்த சவாலாகும்.