பின்பக்கம் இறங்கும் மூன்று சில்லு வண்டி: கோளாறு காற்றிலா, எண்ணெயிலா?

காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் கரையோர வீதியில் உள்ள மயிலிட்டி, 1990 ஜூனில் மக்கள் இடம்பெயர்ந்த பின் 27 ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. மீன்பிடித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த பகுதியுமாக 54 ஏக்கர் 2017 ஜூலை 3 இல் விடுவிக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் இன்னும் ஒரு பகுதி வந்தது. காணி திரும்பினாலும் ஒழுங்கைகள் எல்லாம் பழையபடி திரும்பவில்லை. பிரதான வீதியை விட்டு உள்ளே இறங்கினால் கல்லும் குழியும். போதாததற்குக் கடலின் உப்புக்காற்று. வண்டிக்கு இரண்டுமே எதிரி.

வடக்கின் இப்படியான வழிகளில்தான் போரில் காலை இழந்தவர்களும் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களும் மூன்று சில்லாக மாற்றிய மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் ஓடித் திரிகிறார்கள். அவர்களுக்கு ஷொக் அப்சோபர் என்பது சொகுசுச் சாமான் அல்ல. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத ஒருவருக்குக் குழியில் விழுந்த அடி வலிக்காது. வலிக்காத அடிதான் ஆபத்து. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம் தோலைச் சிவக்க வைத்து அழுத்தப்புண்ணாகும். அந்தப் புண் ஆற மாதங்கள் எடுக்கும், அதுவரை கவிழ்ந்தே படுத்திருக்க வேண்டியும் வரலாம். ஆகவே வண்டியின் பின்பக்கம் "கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.

எங்கே பிழை என்று பார்ப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சஸ்பென்ஷனில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று பாரத்தைத் தாங்குவது. அதைச் செய்வது ஸ்பிரிங் அல்லது அடைத்த காற்று. மற்றது துள்ளலை அடக்குவது. அதைச் செய்வது ஷொக்குக்குள் சிறு துளைகளினூடாக ஓடும் எண்ணெய். வண்டி உயரம் குறைந்து அடியில் இடித்தால் முதலாவது பழுது. உயரம் சரியாக இருந்தும் ஒரு குழிக்கு மூன்று நான்கு தரம் ஆடினால் இரண்டாவது பழுது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் "ஷொக் போட்டுது, மாத்துங்கோ" என்று சொல்லும் கராஜில் காசு வீணாகும்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள எம்மவர் நெடுந்தூரப் பயண வண்டிகளைப் பார்த்திருப்பார்கள். ஹார்லி டேவிட்சன் 2009 மாதிரியாகக் கொண்டுவந்த ட்ரை கிளைட் அவ்வகை. அதன் பின் ஷொக்கில் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இப்படியான வண்டியில் இரவு நிறுத்தியபோது இருந்த உயரம் காலையில் இல்லையென்றால் காற்று கசிகிறது என்று பொருள். சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் வால்வில், குழாய் பொருத்துகளில், ஷொக்கின் கழுத்தில் பூசிப் பாருங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. பெரும்பாலும் முதலில் போவது வால்வின் உள் ஊசி. ரயர் வால்வு போன்றதென்றால் அதை மாற்றச் சில நிமிடமே ஆகும். கழுத்தில் குமிழியோடு எண்ணெயும் சேர்ந்து வந்தால் சீல் போய்விட்டது.

காற்று அடிப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். ஷொக்குக்குள் இருக்கும் இடம் மிகச் சிறியது. ரயர் கடைக் கொம்பிரஷரை வைத்தால் ஒரு கணத்தில் அளவு மீறி சீல் வெடிக்கும். கைப் பம்பே நல்லது. அழுத்தமானியைப் பூட்டிக் கழற்றும்போதே கொஞ்சம் காற்று போய்விடும் என்பதால், சிலர் அளந்து அளந்தே காற்றை இறக்கிவிட்டு "கசியுது" என்கிறார்கள்.

வண்டியிலேயே கொம்பிரஷர் பூட்டியிருந்தால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தமே இல்லை என்றால் பியூஸ், ரிலே, ஏர்த் வயர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். கடற்கரை ஊரில் ஏர்த் வயரின் முனை பச்சை பூத்திருப்பது வழமை. உரசிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் எழும்பிவிடும். ஓடுகிறது, ஆனால் உயரவில்லை என்றால் பெரிய கசிவு, அல்லது கொம்பிரஷரே தேய்ந்துவிட்டது. உயர்ந்து, நிறுத்தியதும் இறங்கினால் காற்றைத் திரும்பவிடாத வால்வைச் சந்தேகிக்கலாம்.

ஆனால் எங்கள் ஊரில் ஓடுபவை பெரும்பாலும் ஸ்பிரிங் வண்டிகள். இங்கே ஒரு குழப்பம் உண்டு. பஜாஜ் பல்சரின் "நைட்ரொக்ஸ்" போன்ற ஷொக்குகளின் பக்கத்தில் சிறு குப்பி இருக்கும். அதைப் பார்த்து இதுவும் காற்றில் நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அதிலுள்ள நைதரசன் வாயு எண்ணெய் நுரைக்காமல் பார்த்துக்கொள்கிறது. பாரத்தைத் தாங்குவது வெளியே தெரியும் ஸ்பிரிங்தான். எனவே வண்டி இறங்கினால் "காஸ் அடிக்க" வேண்டியதில்லை. ஸ்பிரிங்கின் கீழுள்ள வளையத்தை ஒரு படி இறுக்கிப் பாருங்கள், இரு பக்கமும் ஒரே படியில். வழமையாக ஏற்றும் சாமானோடு ஓட்டுபவர் ஏறி உட்காரும்போது, ஷொக்கின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றிலொன்று அமுங்கினால் போதும். கடைசிப் படியிலும் இறங்கினால் அந்த ஸ்பிரிங் அந்தப் பாரத்துக்கு உரியதல்ல. இரு சில்லுக்குச் செய்த ஸ்பிரிங்கின் மேல் அச்சும் இன்னொரு சில்லும் ஆசனமும் ஊன்றுகோலும் ஏறியிருக்கிறது அல்லவா?

ஷொக்கின் தண்டை விரலால் தடவிப் பாருங்கள். உப்பு அரித்துச் சொரசொரப்பாக இருந்தால் எத்தனை ஒயில் சீல் மாற்றினாலும் அது கிழிந்துகொண்டே இருக்கும். தண்டோடு மாற்ற வேண்டும். துறைமுகப் பக்கம் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவினால் அந்த அரிப்பைப் பிற்போடலாம். "டக் டக்" என்ற சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஷொக் அல்ல, அதைப் பிடித்திருக்கும் றப்பர் புஷ். அது மலிவான சாமான்.

இவ்வண்டிகள் பல உதவியாகக் கிடைத்தவை. கொடுக்கும்போது படம் எடுக்கிறோம், மாலை போடுகிறோம். இரண்டு வருடம் கழித்து ஷொக் மாற்ற யாரிடம் கேட்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. வண்டியோடு ஒரு சோடி ஷொக்கும் நான்கு புஷ்ஷும் சேர்த்துக் கொடுப்பது அந்தப் பந்தல் செலவை விடப் பயனுள்ளது.

ஒரு ஷொக்கை மட்டும் மாற்றுவதையும் தவிர்க்க வேண்டும். இரு சில்லு வண்டி வளைவில் சாய்ந்து திரும்பும். பின்னே இரு சில்லுள்ள வண்டி சாயாது. பாரம் முழுக்க வெளிப்பக்கச் சில்லுக்குப் போகும். அந்தப் பக்க ஷொக் மெலிந்ததாக இருந்தால் வண்டி அந்தப் பக்கமே கவிழப் பார்க்கும். கால் ஊன்றித் தடுக்க முடியாதவர் ஓட்டுகிறார் என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. வேலை முடிந்ததும் சமதரையில் ஓட்டுபவரை ஏற்றி, இரு பின் அச்சு முனைகளிலிருந்தும் மட்கார்ட் வரை அளவு நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக வந்த பிறகே கராஜை விட்டு வண்டியை எடுக்க வேண்டும். முதல் ஒரு வாரம் மாலையில் கண்ணாடி பிடித்துத் தோலையும் பாருங்கள்; அரை மணி நேரத்திலும் மறையாத சிவப்பு தெரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும்.